35% மானியம் ஓகே... ஆனா கைக்கு எப்போ வரும்? பி.எம்.இ.ஜி.பி கணக்கு இதுதான்!

சொந்தத் தொழில் தொடங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது, 2008-ல் தொடங்கிய மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி திட்டத்தைத்தான். புது யூனிட்டுகளுக்கு மட்டுமே இந்த மானியம். உற்பத்தி என்றால் ரூ.50 லட்சம், சேவை என்றால் ரூ.20 லட்சம் வரையிலான முதலீட்டுக்குக் கிடைக்கும்.

யாருக்கு எவ்வளவு?

பொதுப்பிரிவினருக்கு நகரத்தில் 15%, கிராமத்தில் 25%. பெண்கள், எஸ்.சி, எஸ்.டி, ஓ.பி.சி உள்ளிட்டோருக்கு முறையே 25%, 35%.

கணக்கு எப்படி?

கிராமத்தில் ஒரு பெண் ரூ.10 லட்சத்தில் மசாலா யூனிட் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கைக்காசு ரூ.50,000, மீதி ரூ.9.5 லட்சம் வங்கிக் கடன். மானியம் ரூ.3.5 லட்சம் அவர் கைக்கு வராது. 3 வருஷம் வங்கியிலேயே டெபாசிட்டாக இருக்கும். அந்த அளவு கடனுக்கு வட்டி கிடையாது. யூனிட் ஓடுகிறதா என்று நேரில் பார்த்த பிறகே கடனில் கழிப்பார்கள்.

நடுவில் மூடிவிட்டால்? மானியமும் கைநழுவிப் போகலாம். அதனால் மாவட்ட தொழில் மையத்துக்குப் போகும் முன், முதல் 3 வருஷத் தவணையைக் கட்ட வருமானம் வருமா என்று கணக்குப் போட்டுப் பாருங்க!