இழுப்பது வேறு, தாங்குவது வேறு

அமெரிக்காவில் விற்கும் நடுத்தர எஸ்யூவிகள் பலவற்றின் விளம்பரத்தில் ஒரே எண் திரும்பத் திரும்ப வரும்: 5,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 2,270 கிலோ. ஹோண்டா பைலட், டொயோட்டா ஹைலேண்டர், கியா டெல்லுரைடு ஆகியவற்றில் அந்த எடை வரை டிரெய்லர் இழுக்கும் வகைகள் உண்டு. வி6 எஞ்சின் கொண்ட ஜீப் கிராண்ட் செரோக்கிக்கு 6,200 பவுண்டு. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் அடங்கிய சிறிய டிராவல் டிரெய்லர்கள் பல 3,000 முதல் 5,000 பவுண்டுக்குள் இருப்பதால், கணக்கு சுலபமாகத் தோன்றும். ஆனால் அந்த எண்ணை எட்டுவதற்கு வெகு முன்பே வண்டியின் வேறொரு வரம்பு தீர்ந்துவிடுகிறது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் தெரியும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு, இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். இதுதான் பேலோடு.

விளம்பர எண் பொய்யல்ல. ஆளுக்கொரு கணக்குச் சொல்லிவந்த கார் நிறுவனங்களுக்குப் பொது அளவுகோலாக எஸ்ஏஇ ஜே2807 என்ற தரநிலை 2008இல் வந்தது. டொயோட்டா அதை முதலில் ஏற்றது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகிலிருந்து மேலேறும் 11.4 மைல் சாலைதான் அதன் மலையேற்றச் சோதனைக்கு மாதிரி. வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட், ஏசி முழு வேகத்தில். அந்த நிலையிலும் டிரெய்லரோடு மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏற வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் அதில் வண்டிக்குள் இருப்பதாகக் கொள்ளப்படுவது தலா 150 பவுண்டு எடையுள்ள இரண்டே பேர். பின் சீட்டுப் பிள்ளைகளும் டிக்கியில் அடுக்கிய மூட்டைகளும் அந்தக் கணக்கில் இல்லை.

இந்த இடத்தில்தான் கொக்கி எடை வருகிறது. டிரெய்லரின் எடை முழுவதையும் அதன் சக்கரங்களே சுமப்பதில்லை. ஒரு பங்கு முன்மூக்கின் வழியாக எஸ்யூவியின் பின்புறக் கொக்கியில் இறங்குகிறது. டிராவல் டிரெய்லர்களுக்கு அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க நடைமுறை. வண்டி அதை இழுக்கவில்லை, சுமக்கிறது. ஆகவே பேலோடில் சேரும்.

ஸ்டிக்கரில் 1,300 பவுண்டு போட்டிருக்கும் ஓர் எஸ்யூவியை எடுத்துக்கொள்வோம். சாமான் ஏற்றிய டிரெய்லர் 4,500 பவுண்டு, கொக்கி எடை 13 சதவீதம் என்றால் 585 பவுண்டு. நான்கு பேர் குடும்பம் 580. எடை பகிரும் கொக்கி அமைப்பு (அதன் வேலை என்ன என்பது பின்னால் வரும்) 80. மொத்தம் 1,245. இன்னும் 55 பவுண்டுதான் மிச்சம். ஐஸ் நிரப்பிய கூலர் பெட்டி ஒன்றை ஏற்றினால் தீர்ந்தது. டிரெய்லரோ 5,000க்கு 500 பவுண்டு குறைவாகவே இருக்கிறது.

டிரெய்லர் விற்பவர் சொல்லும் எடையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. விலைப்பட்டியலில் இருப்பது பெரும்பாலும் வெறும் வண்டியின் எடை. ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 30 கேலன் தொட்டி நிரம்பினால் 250 பவுண்டு கூடும். பாத்திரம், படுக்கை, நாற்காலி, துணிமணி தனி. அதனால் டிரெய்லரின் அதிகபட்ச மொத்த எடையை வைத்தே கணக்குப் போடுவது நல்லது. ஊகத்தைவிட எடைமேடை மேல்: நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் உள்ள மேடைகளில் சில டாலர் கொடுத்தால் முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர் ஆக்சில் மூன்றின் எடையும் தனித்தனியாக அச்சாகி வரும்.

கொக்கி பின் ஆக்சிலுக்கு நேர் மேலே இல்லாமல் பின்னால் தள்ளி இருப்பதால் நெம்புகோல் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. கொக்கி பின் ஆக்சிலிலிருந்து 4 அடி பின்னால், இரு ஆக்சில்களுக்கும் இடைவெளி 9.5 அடி என்றால், 585 பவுண்டு கொக்கி எடை முன் சக்கரங்களிலிருந்து ஏறக்குறைய 246 பவுண்டைத் தூக்கிவிடும். பின் ஆக்சிலில் 831 பவுண்டு கூடும். பின்புறம் அமுங்கும், முகப்பு விளக்கு மேலே பார்க்கும். அதைவிட மோசம், திருப்புவதற்கும் பிரேக் பிடிப்பதற்கும் அதிகம் தேவைப்படும் முன் டயர்களின் பிடிமானம் குறையும். எடை பகிரும் கொக்கியின் முறுக்குக் கம்பிகள் இந்தச் சுமையில் ஒரு பகுதியை முன் ஆக்சிலுக்கும் டிரெய்லர் ஆக்சிலுக்கும் திருப்பி அனுப்புகின்றன. அதனால் இழுவை வரம்போ பேலோடோ கூடிவிடாது. சில எஸ்யூவிகளின் கையேடுகள் இந்த அமைப்பையே கூடாது என்கின்றன. வாங்குவதற்கு முன் கையேட்டைப் புரட்டிவிடுவது உத்தமம்.

அப்படியானால் கொக்கி எடையைக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். ஆபத்து அங்கேதான். பின்கனம் கூடிய டிரெய்லர் வேகமெடுத்ததும் இடமும் வலமுமாக அலையத் தொடங்கும். கடந்துபோகும் பெரிய லாரியின் காற்றோ, குறுக்குக் காற்றோ, இறக்கமோ அதைத் தொடங்கிவைக்கப் போதும். ஒரு வேகத்துக்கு மேல் அலைவு தானாக அடங்காது; ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரிதாகி, முடிவில் டிரெய்லர் எஸ்யூவியையும் சேர்த்துப் புரட்டிவிடும்.

மேலே சொன்ன அதே டிரெய்லரின் பின் பம்பரில் இரண்டு மின்சார சைக்கிள்களைத் தாங்கியோடு மாட்டுவதாக வைத்துக்கொள்வோம்: 160 பவுண்டு. பம்பர் டிரெய்லர் ஆக்சிலுக்கு 8 அடி பின்னால், கொக்கி 14 அடி முன்னால் என்றால், கொக்கி எடையில் 91 பவுண்டு கழியும். 585 இருந்தது 494 ஆகும். மொத்த எடையோ 4,660 ஆக உயரும். 13 சதவீதம் 10.6 ஆகிவிட்டது. அதற்குமேல் பின்பக்க அலமாரியில் டப்பா உணவை அடுக்கினால் 10க்குக் கீழேயே போய்விடும். கனமான சாமான் ஆக்சிலுக்கு மேலோ சற்று முன்னோ, தரையை ஒட்டி இருக்க வேண்டும் என்பதன் காரணம் இதுதான்.

ஐரோப்பாவில் கொக்கி எடை 5 முதல் 7 சதவீதமாக இருந்தும் கேரவன்கள் ஓடுகின்றனவே என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே கேரவன்களின் கட்டமைப்பு வேறு, வேகமும் வேறு. ஜெர்மனியில் டிரெய்லர் இழுக்கும் காருக்குப் பொதுவான உச்சவேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். தனி அனுமதி பெற்றால் 100. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் டிரெய்லரோடு அதைவிட வேகமாகப் போகலாம். கலிஃபோர்னியாவோ 55 மைலில் கடிவாளம் போட்டிருக்கிறது. அது சரியான வேகம்தான்.

அலைவு தொடங்கிவிட்டால் ஸ்டீயரிங்கை எதிர்த்திசையில் வெட்டக்கூடாது. காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்கவும் கூடாது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும். முன்னால் கார் இருக்க, பின்னால் டிரெய்லர் பிரேக் பிடித்தால் இரண்டும் ஒரே கோட்டுக்கு இழுபடும். இதற்கு ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் பிரேக் கன்ட்ரோலர் வேண்டும். கார் எவ்வளவு வேகம் குறைகிறதோ அதே விகிதத்தில் டிரெய்லரையும் பிடிக்கும் வகையே சிறந்தது. விளக்குகளுக்கு மட்டும் உதவும் நாலு முள் இணைப்பு இதற்குப் போதாது. ஏழு முள் இணைப்பு தேவை. எத்தனை பவுண்டுக்கு மேல் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பலவற்றில் 3,000, கலிஃபோர்னியாவில் 1,500.

மலைப்பாதையில் எஞ்சினின் பலமும் சுருங்கும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தி இழக்கும். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையின் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. அங்கே போய்ச் சேரும்போது மூன்றில் ஒரு பங்கு பலம் போயிருக்கும். ஆனாலும் ஏற்றம் பொறுமையைத்தான் சோதிக்கும். இறக்கம் பிரேக்கைச் சோதிக்கும். சரிவு தொடங்குவதற்கு முன்பே கீழ் கியருக்கு மாற்றி எஞ்சினைக்கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்தி, பிரேக்கை விட்டுவிட்டு அழுத்த வேண்டும். தொடர்ந்து மிதித்தபடி இறங்கினால் பிரேக் சூடேறி, பிடிக்காமல் போகும்.

புறப்படும் முன் பார்க்க வேண்டியவை சில. கொக்கியின் பந்து டிரெய்லர் பூட்டின் அளவுக்குப் பொருந்த வேண்டும். பூட்டியபின் முன்மூக்கு ஜாக்கியைக் கொஞ்சம் ஏற்றினால் காரின் பின்புறமும் கூடவே எழ வேண்டும். எழாவிட்டால் பூட்டு விழவில்லை. பாதுகாப்புச் சங்கிலிகளை மூக்குக்கு அடியில் குறுக்காக மாட்ட வேண்டும்: கொக்கி கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அவற்றின்மேல் விழும். டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைத் தானாக இயக்கும் கம்பியைச் சங்கிலியில் கோக்காமல் காரின் சட்டத்தில் தனியாக மாட்ட வேண்டும்.

டயரில் காற்றை அது குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அதன் வயதைச் சொல்லும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஓடாமல் நின்றே வெயிலில் காய்ந்த டயர், பள்ளம் தேயாமல் புதிதுபோல் இருந்தாலும் நெடுஞ்சாலையில் வெடிக்கக்கூடும். சக்கரங்களைக் கழற்றி மாட்டியிருந்தால் முதல் 10, 25, 50 மைல்களில் நிறுத்தி நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி முறுக்கிப் பார்க்கும்படி டிரெய்லர் கையேடுகள் சொல்கின்றன.