படலையும் திறப்பும்

எங்கள் சண்டிலிப்பாய்ப் பழைய வளவுகளிலே, சங்கடப் படலையின் கீழ் வழிப்போக்கர் இளைப்பாறுவர். உட்புகுவதற்கோ வீட்டாரின் இசைவு வேண்டும். கணினிக் கூடங்களுக்கும் அத்தகைய காவல் தேவை. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்க மின்னஞ்சற் சேவையுட் கப்பம் கோரும் நச்சுநிரலொன்று புகுந்தது. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் மீளவில்லை. கள்வன் உள்ளே வந்தபின் நேரும் இழப்பு இத்தகையது.

வாயிலுக்கு எக்காவல் சிறந்தது? கடவுச்சொல் வெறுங் கொளுவி. கைத்தொலைபேசி தரும் இரகசிய எண் அதனினும் நன்று. ஆயினும் போலி வாயிலில் அதனையும் நாமே சொல்லிவிடுகிறோமே! 2022இல் அமெரிக்காவின் டுவிலியோ நிறுவன ஊழியர் சிலர் போலித் தளமொன்றில் ஏமாந்தனர். வாடிக்கையாளர் தகவல்கள் களவுபோயின. அதே காலத்தில் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்துக்கும் அதுபோன்ற வலை வீசப்பட்டது. அங்கும் மூவர் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டனர். எனினும் கள்வர் உட்புக இயலவில்லை. ஊழியர் அனைவரிடமும் விரலளவு மின்திறப்பு இருந்தது. தளத்தின் உண்மை முகவரியை அதுவே சரிபார்க்கும். போலி முகவரிக்கு மறுமொழி கூறாது.

விலை சற்று அதிகந்தான். திறப்பைத் தொலைப்பதில் நான் வல்லவன் என்பதை என் இல்லாள் அறிவாள். ஆதலின் இரண்டாக வாங்கி, ஒன்றை அலுமாரியிற் பூட்டிவைத்தல் நன்று.