பஸ் வரவில்லை, நஷ்டக் கணக்கு மட்டும் வருகிறது!

"மாநகரப் பஸ் நஷ்டத்தில் ஓடுகிறது" - இந்தப் பல்லவியைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது.

நாம் கேட்கிறோம்: தெருவிளக்கு நஷ்டத்தில் எரிகிறது என்று யாராவது சொன்னதுண்டா? மேம்பாலத்தால் இவ்வாண்டு இத்தனை கோடி நஷ்டம் என்று எந்த அதிகாரியாவது அறிக்கை வாசித்ததுண்டா? மேம்பாலத்தில் கார் போகிறது. அதற்குக் கணக்கு இல்லை. பஸ்ஸில் கொத்தனாரும் சித்தாளும் போகிறார்கள். அதற்கு மட்டும் வரவு, செலவு, பற்றாக்குறை, பெருமூச்சு!

இந்த நஷ்டப் பேச்சு சென்னைக்குப் புதிதல்ல. 1895-இல் இந்த ஊரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. கம்பெனி நொடித்தது, 1953 ஏப்ரலில் டிராம் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். தொழிலாளி நடுத்தெருவில் நின்றான். அன்று டிராமை விட்டு இறங்கியவன் பஸ்ஸில் ஏறினான். இன்று பஸ்ஸைவிட்டு இறங்குகிறவன் எதில் ஏறுவது? கடன் வாங்கி மோட்டார் சைக்கிள் வாங்குகிறான். அந்த மோட்டார் சைக்கிளும் சாலையை அடைக்கிறது. பஸ் இன்னும் தாமதமாகிறது.

இதிலேதான் சூட்சுமம் இருக்கிறது, தோழர்களே! கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு தடத்தில் போக 60 நிமிஷம், வர 60 நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 பஸ் இருந்தால் 10 நிமிஷத்துக்கு ஒன்று வரும். நெரிசலால் 60 நிமிஷப் பயணம் 90 நிமிஷம் ஆகிறது. அதே 12 பஸ், அதே டிரைவர், அதே டீசல். ஆனால் இப்போது 15 நிமிஷத்துக்கு ஒன்றுதான் வரும். பழையபடி 10 நிமிஷத்துக்கு ஒன்று வேண்டுமானால் 18 பஸ் வேண்டும். ஆறு பஸ்ஸை யார் விழுங்கினார்கள்? டிப்போவில் திருட்டுப் போகவில்லை; நடுரோட்டில், பட்டப்பகலில், நெரிசல் விழுங்கிவிட்டது! நடை குறைந்தது, டிக்கெட் குறைந்தது. கலெக்‌ஷன் ஏன் குறைவு என்று கண்டக்டரைக் கேட்கிறார்கள். அவர் என்ன, சாலையை அகலப்படுத்தவா முடியும்?

அதோடு போகவில்லை. ஒரு பஸ் ஐந்து நிமிஷம் பிந்தினால் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கூட்டம் ஏறி இறங்க நேரம் ஆகிறது. பஸ் இன்னும் பிந்துகிறது. பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஆள் இல்லை. அது விரைந்து வந்து முன்னதை ஒட்டிக்கொள்கிறது. முக்கால் மணி நேரம் ஒரு பஸ்ஸும் வராமல், பிறகு மூன்று பஸ் மாமன் மச்சான் போலச் சேர்ந்து வருவது டிரைவர்கள் டீக்கடையில் நின்றதால் அல்ல. திட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு திட்டட்டும்.

இந்த முக்கால் மணி நேரம் யாருடையது? கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து குடிசைகளைப் பெயர்த்து, கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மக்களை அனுப்பினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் போயின. வீடு கொடுத்தோம் என்றார்கள். வேலை எங்கே இருக்கிறது? மயிலாப்பூரில் பாத்திரம் தேய்த்த பெண்ணுக்கும், பாரிமுனையில் மூட்டை தூக்கிய தோழனுக்கும் வேலை பழைய இடத்திலேயேதான் இருக்கிறது. நடந்து போன வேலைக்கு இப்போது பஸ் மாறிப் போகவேண்டும். பஸ் தவறினால் அன்றைய கூலி தவறிற்று. இந்தக் கூலியை எந்த நஷ்டக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள்?

மெட்ரோ ரயில் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நாமும் அதில் போகிறவர்கள்தாம். 2015-இல் முதல் வண்டி ஓடியது. இரண்டாம் கட்டம் சுமார் 119 கிலோமீட்டர்; மதிப்பீடு ரூ. 63,246 கோடி. செய்யட்டும். ஆனால் தண்டவாளம் வீட்டு வாசலுக்கு வராது. ஸ்டேஷன் வரை கொண்டு விடவும் பஸ்தான் வேண்டும். கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரில் பெரிய பஸ் நிலையம் திறந்தார்கள். பக்கத்திலேயே தண்டவாளம் ஓடுகிறது. ரயில் நிற்க அன்று ஸ்டேஷன் இல்லை! இப்படிப்பட்ட கூத்தைத் தடுக்கத்தான் பஸ், ரயில், மெட்ரோ எல்லாவற்றையும் இணைத்துப் பார்க்கும் கும்டா என்ற ஆணையத்துக்கு 2010-இல் சட்டம் செய்தார்கள். முதலமைச்சர் தலைமையில் அதன் முதல் கூட்டம் நடந்தது 2022-இல். பன்னிரண்டு ஆண்டு!

2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆக்கினார்கள். இது நல்ல காரியம். 'ஓசிப் பயணம்' என்று ஏளனம் பேசுகிற வாய்களை நாம் அறிவோம். மிச்சமாகும் பணம் அரிசியாகவும் பிள்ளையின் நோட்டுப் புத்தகமாகவும் ஆவதை அந்த வாய்கள் அறியா. ஆனால் ஒன்று: வெள்ளைப் போர்டு பஸ் குறைந்தால் இந்தச் சலுகை காகிதத்தில்தான் ஓடும். 2011 நவம்பரில் கட்டணத்தை ஏற்றினார்கள். ஆறாண்டு சும்மா இருந்துவிட்டு, 2018 ஜனவரியில் ஒரே இரவில் தலையில் போட்டார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்த பிறகு கொஞ்சம் குறைத்தார்கள். கட்டணத்தை நிர்ணயிப்பது சர்க்கார். நஷ்டம் மட்டும் போக்குவரத்துக் கழகத்தின் தலையில். அங்கிருந்து அது தொழிலாளியின் தலைக்கு இறங்குகிறது. அதே 2018 ஜனவரியில் எட்டு நாள் வேலைநிறுத்தம் நடந்ததும், 2024 ஜனவரியில் மீண்டும் நடந்ததும் ஆடம்பரத்துக்காக அல்ல. ஓய்வுபெற்றவனுக்குச் சேரவேண்டிய பணம் அந்தக் கோரிக்கைகளில் முன்னே நின்றது.

2025 ஜூனில் வியாசர்பாடியிலிருந்து 120 மின்சாரப் பஸ்கள் புறப்பட்டன. புகையில்லை, தாழ்தளம், முதியவர் ஏற வசதி, வரவேற்கிறோம். ஆனால் டிரைவர் தனியார் கம்பெனி ஆள், கண்டக்டர் போக்குவரத்துக் கழகத்து ஆள். ஒரே வண்டியில் இரண்டு எஜமானர்கள்! டிரைவரின் சம்பளமும் லீவும் எந்த ஒப்பந்தத்தில் இருக்கின்றன என்று நம் தொழிற்சங்கத் தோழர்கள் விடாமல் கேட்கவேண்டும்.

மின்சாரப் பஸ்ஸும் நெரிசலில் நிற்கத்தான் செய்யும். அதற்கு மருந்து பஸ்ஸுக்கென்று தனிப்பாதை. டில்லியில் 2008-இல் ஆறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போட்டார்கள். கார்க்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2012-இல் உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளிற்று. ஆனாலும் கூச்சல் ஓயவில்லை. 2016-இல் பாதையை இடித்தே விட்டார்கள். அமைப்பில் குறைகள் இருந்தன, மறுக்கவில்லை. குறையைத் திருத்தலாம்; அவர்கள் பாதையையே எடுத்தார்கள். காரில் ஒருவர் போகிறார், பஸ்ஸில் அறுபது பேர் போகிறார்கள். கூச்சல் மட்டும் காரிலிருந்துதான் கேட்டது.

சென்னையிலும் தனிப்பாதை பலமுறை பேசப்பட்டது. இப்போது ஒரு வாய்ப்பு வருகிறது. ஆற்காடு சாலையிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் மெட்ரோ வேலைக்காக வேலி அடைத்தார்கள். அந்த வேலிகள் பிரிக்கப்படும்போது சாலையில் இடம் கிடைக்கும். அந்த இடத்தைக் கார்கள் பிடித்துக்கொள்ள ஒரு வாரம் போதும். அதற்கு முன்னால் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, இது பஸ்ஸுக்கு என்று எழுதவேண்டும்; மீறுகிறவருக்கு அபராதம் போடவேண்டும். வட்டக் கூட்டங்களிலும் டிப்போ வாசல் கூட்டங்களிலும் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக்கி, கும்டாவுக்கும் மாநகராட்சிக்கும் அனுப்புங்கள், தோழர்களே!