எட்டுத் தேர் செய்த தச்சனும் இரண்டாயிரம் ரூபாய்க் காரும்

புறநானூற்றிலே ஔவையார் அதியமானை ஒரு தேர்ச்சக்கரத்துக்கு ஒப்பிடுவார். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன், ஒரு திங்கள் முழுதும் உழைத்துச் செய்த ஒற்றைச் சக்கரம் அது. உரை சொல்லும்போது சக்கரத்தின் உறுதியோடு நின்றுவிடுகிறோம். அத்தச்சனது பட்டறையை நினைப்பதில்லை. ஒரு தேரை அருமையாகச் செய்வது கலை. நாள்தோறும் எட்டுச் செய்வது கைத்தொழில். இரண்டும் ஒருவன்பால் அமைந்திருந்தன என்பதே எனக்கு வியப்பு.

எங்கள் தெமோதரையில் புகையிரதம், நிலையத்துக்கு அடியிலுள்ள குகை வழியே சுற்றிச் செல்லும். அதனைக் கண்டு வளரும் மாணாக்கர்க்குப் பொறி புதிதன்று. ஆயினும், பொறியைச் செய்பவர் பிறர், ஓட்டுபவர் நாம் என்னும் எண்ணம் அவருள்ளத்தில் வேரூன்றியிருக்கிறது. "தமிழ்நாட்டில் நம்மவர் யாராவது கார் செய்ததுண்டா, ஐயா?" என்று ஒருவன் கேட்டான். சென்னைச் சிம்சன் கம்பெனியில் சாமுவேல் ஜோன் கிறீன் 1903இலேயே நீராவிக் கார் செய்தார். ஆனால் அது வெள்ளையர் கம்பெனி. ஆகவே கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவின் வரலாற்றைக் கூறினேன்.

1893இல் கலங்கல் என்னும் சிற்றூரிற் பிறந்த நாயுடு பள்ளியில் நெடுநாள் தங்கியவரல்லர். (எம்போன்ற ஆசிரியர்க்குச் சற்றே நாணந்தரும் செய்தி!) 1920இல் ஒரேயொரு பஸ்ஸுடன் தொடங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அது பெரும் பஸ் நிறுவனமாக வளர்ந்தது. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டார் செய்தார். பின்னர் 1952இல், பெற்றோலில் ஓடும், இருவர் அமரும் சிறு கார் ஒன்றை வெளிக்கொணர்ந்தார். விலை 2,000 ரூபாய்.

அந்நாளில் கார் என்பது துரைமார்க்கும் செல்வர்க்கும் உரியது. துரையின் கார் ஓசை கேட்டதும் தேயிலைச் செடியோரம் ஒதுங்கி நின்ற தலைமுறை எங்கள் தந்தையர் தலைமுறை. அத்தகைய பொருளுக்கு அவ்விலை குறித்தமை எவ்வளவு துணிவு!

ஆனால் இந்தியாவில் 1951ஆம் ஆண்டின் கைத்தொழிற் சட்டம் 1952இல் நடைமுறைக்கு வந்திருந்தது. மோட்டார் வண்டித் தொழிலுக்கு அப்போது மத்திய அரசின் அநுமதி வேண்டியிருந்தது. நாயுடுவுக்கு அது மறுக்கப்பட்டது, உற்பத்தி நின்றது.

அரிய மூலப்பொருள் சிதறாமற் காப்பதற்கே இத்தகைய சட்டங்கள் என்பர். அதனை முற்றாகத் தள்ளிவிட நான் துணியேன். அவ்விலைக்கு ஒன்று செய்தவர் ஆயிரம் செய்வாரோ என்ற ஐயமும் நேர்மையானதே. முன்சொன்ன தச்சனின் எட்டுத் தேர் இங்கேதான் நினைவுக்கு வருகிறது. எனினும் அந்த ஐயத்தைப் பட்டறையிலே தீர்த்திருக்கலாம். கோப்பிலே தீர்த்துவிட்டார்கள்.

நாயுடு 1974இல் மறைந்தார். அவர் பெயர் விளங்கும் கார் அருங்காட்சியகம் 2015இல் கோயம்புத்தூரில் திறக்கப்பெற்றது. பிறநாட்டார் செய்த பழைய கார்கள் பல அங்கே துடைத்து மெருகேற்றி வைக்கப்பட்டுள்ளன.