மெமரி கார்டுல இருந்த போட்டோ டெலீட் ஆகிடுச்சா? பதறாதீங்க... முதல்ல இதைச் செய்யுங்க!

வளைகாப்பு போட்டோ மொத்தமும் மெமரி கார்டில் இருக்கிறது. அதை லேப்டாப்பில் செருகி, வேண்டாத நாலு படத்தை நீக்கப் போய், மொத்த ஃபோல்டரையும் செலக்ட் செய்து டெலீட் அழுத்திவிட்டீர்கள். 'நிரந்தரமாக அழிக்கவா?' என்று கம்ப்யூட்டர் கேட்டதற்கும், படிக்காமலேயே 'யெஸ்' கொடுத்தாகிவிட்டது. ரீசைக்கிள் பின்னில் தேடினால் அங்கேயும் இல்லை.

இந்த இடத்தில்தான் பலரும் இரண்டாவது தவறைச் செய்கிறார்கள். முதல் தவறைவிட இதுதான் பெரியது. அதே கார்டில் மறுபடியும் படம் எடுப்பது, எதையாவது காப்பி செய்து பார்ப்பது, கூகுளில் முதலில் வரும் மென்பொருளை அவசரமாக இறக்குவது என்று கார்டைப் பாடாய்ப் படுத்திவிடுகிறார்கள்.

உண்மையில், அழிந்துபோனதாக நினைக்கும் அந்தப் படங்கள் அந்த நிமிடத்தில் பெரும்பாலும் கார்டிலேயேதான் இருக்கின்றன. ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் அவற்றை மீட்டெடுக்க நல்ல மென்பொருள்களும் இருக்கின்றன. ஆனால் அவை பலன் தருமா என்பது, டெலீட் ஆன பிறகு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

டெலீட் பண்ணினா என்னதான் நடக்குது?

ஒரு வாடகை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் 'டு லெட்' போர்டு மாட்டியாகிவிட்டது. ஆனால் பழைய குடித்தனக்காரரின் கட்டில், பீரோ எல்லாம் இன்னும் உள்ளேயே கிடக்கிறது. புதிதாக ஆள் குடிவரும் வரை அது அங்கேயேதான் இருக்கும்.

டெலீட் என்பதும் இப்படித்தான். எந்த ஃபைல் எந்த இடத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. டெலீட் அழுத்தியதும் அந்தப் பதிவேட்டில் மட்டும்தான் மாற்றம் நடக்கும். பெரும்பாலான பென் டிரைவ்களில் இருக்கும் ஃபேட்32 முறையில், ஃபைல் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் ஒரு குறியீட்டைப் போட்டு, 'இந்த இடம் காலி' என்று குறித்துவிடுவார்கள். படம் அப்படியே கிடக்கும்.

அந்த இடத்தில் புது ஃபைல் ஒன்று வந்து உட்கார்ந்தால் மட்டுமே பழையது உண்மையாக அழியும். அதனால்தான் டெலீட் ஆன பிறகு கார்டில் எதையும் எழுதக் கூடாது என்கிறார்கள்.

முதல் வேலை: கையை எடுங்க!

* கேமராவில் இருக்கும் கார்டு என்றால் உடனே கேமராவை ஆஃப் செய்து கார்டை வெளியே எடுங்கள். இன்னும் ஒரே ஒரு படம் என்றுகூட எடுக்க வேண்டாம்.
* பென் டிரைவ் என்றால் முறையாக 'எஜெக்ட்' கொடுத்துக் கழற்றி வையுங்கள்.
* 'இந்த டிரைவைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் கேட்டால் 'கேன்சல்' கொடுங்கள். ஓகே அழுத்தவே கூடாது.
* மீட்பு மென்பொருளை, ஃபைல் தொலைந்த அதே டிரைவில் இன்ஸ்டால் செய்யாதீர்கள். மீட்ட படங்களையும் அதே டிரைவில் சேமிக்காதீர்கள். புது ஆளை நாமே குடிவைப்பது போல ஆகிவிடும்.

நிஜமாவே டெலீட் ஆகிடுச்சா?

மென்பொருளைத் தேடும் முன் இதை ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். லேப்டாப்பின் சி, டி டிரைவ்களில் டெலீட் செய்த ஃபைல் முதலில் ரீசைக்கிள் பின்னுக்குத்தான் போகும். 'ஷிஃப்ட்'டையும் சேர்த்து அழுத்தினால் போகாது. பென் டிரைவ், மெமரி கார்டில் இருந்து அழிப்பவை பொதுவாக அங்கே போவதே இல்லை.

அடுத்து, ஜெராக்ஸ் கடையிலும் பிரவுசிங் சென்டரிலும் பென் டிரைவ் கொடுத்து வாங்குபவர்களுக்கு நன்றாகத் தெரிந்த தொல்லை ஒன்று உண்டு. வீட்டுக்கு வந்து திறந்தால் ஃபைல்களைக் காணோம், ஷார்ட்கட் மட்டும் இருக்கும். பெரும்பாலும் இது ஃபைல்களை மறைத்துவைக்கும் வைரஸின் வேலை. ஃபைல்கள் அழியவில்லை. அந்த ஷார்ட்கட்டை மட்டும் கிளிக் செய்துவிடாதீர்கள்.

முதலில் விண்டோஸுடனே வரும் டிஃபெண்டர் மூலம் பென் டிரைவை ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பகுதியில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். அப்போதும் தெரியவில்லை என்றால், ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கைத் தற்காலிகமாக எடுத்துவிட்டுப் பாருங்கள். பலருக்கும் இங்கேயே பிரச்னை முடிந்துவிடும்.

போனில் எடுத்த படம் என்றால் ட்ராஷைப் பாருங்கள். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படங்கள் 60 நாட்கள் வரை ட்ராஷில் இருக்கும். பேக்கப் ஆகாதவை 30 நாட்கள். கூகுள் டிரைவிலும், ஐபோனின் 'ரீசன்ட்லி டெலீட்டட்' ஆல்பத்திலும் 30 நாட்கள்.

காசில்லாமல் கிடைக்கும் மென்பொருள்கள்

ரெகுவா: விண்டோஸுக்கான இந்த மென்பொருள்தான் புதியவர்களுக்கு எளிது. என்ன மாதிரி ஃபைல், எந்த டிரைவில் இருந்தது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகும். தேடி முடித்ததும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று புள்ளி வைத்துக் காட்டும். பச்சை என்றால் முழுதாகக் கிடைக்க நல்ல வாய்ப்பு. சிவப்பு என்றால் அந்த இடத்தில் வேறு ஆள் குடிவந்தாச்சு என்று அர்த்தம். முதல் தேடலில் கிடைக்காவிட்டால் 'டீப் ஸ்கேன்' கொடுத்துப் பொறுமையாகக் காத்திருங்கள். வீட்டு உபயோகத்துக்கு இலவசப் பதிப்பே போதும்.

ஃபோட்டோரெக்: பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே உருவாக்கிய இது முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, ஜிப் ஃபைலை விரித்தாலே போதும்.

இது பதிவேட்டை நம்பி இருப்பதில்லை. டிரைவ் முழுவதையும் துழாவி, ஃபைல்களின் அடையாளத்தைத் தேடுகிறது. ஒவ்வொரு வகை ஃபைலுக்கும் தொடக்கத்தில் ஒரு முத்திரை இருக்கும். பிடிஎஃப் ஃபைல் என்றால் அதன் ஆரம்பத்தில் 'பிடிஎஃப்' என்ற ஆங்கில எழுத்துகளே இருக்கும். அதனால் ஃபார்மேட் ஆன கார்டு, பதிவேடே கெட்டுப்போன கார்டு ஆகியவற்றில் இருந்தும் படங்களை மீட்க இதனால் முடியும். ஆனால் பழைய பெயரும் ஃபோல்டரும் கிடைக்காது. மீண்டு வரும் ஆயிரம் படங்களுக்கும் எண்களே பெயராக இருக்கும். உட்கார்ந்து பிரிக்க வேண்டியதுதான்.

கறுப்புத் திரையைப் பார்த்துப் பயப்படுபவர்களுக்கு, இதே தொகுப்பில் 'க்யூஃபோட்டோரெக்' என்று மவுஸால் இயக்கக்கூடிய வடிவமும் இருக்கிறது. பார்ட்டிஷனே காணாமல் போனால் மீட்க உதவும் 'டெஸ்ட்டிஸ்க்'கும் இதனுடனேயே வருகிறது. ஆனால் அதில் தெரியாமல் எதையாவது எழுதிவிட்டால் நிலைமை மோசமாகலாம். விவரம் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

விண்டோஸ் ஃபைல் ரெகவரி: 2020-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசம். கட்டளைகளை டைப் செய்துதான் இயக்க வேண்டும் என்பதால் எல்லோருக்கும் வசதிப்படாது. தொலைந்த டிரைவும் மீட்டுச் சேமிக்கும் டிரைவும் வேறு வேறாக இருந்தால்தான் இது வேலையே செய்யும்.

எப்போது இதெல்லாம் கைகொடுக்காது?

இப்போது வரும் லேப்டாப்களில் பெரும்பாலும் எஸ்எஸ்டிதான் இருக்கிறது. வேகத்துக்காக அதில் 'ட்ரிம்' என்ற வசதி உண்டு. விண்டோஸ் 7 காலத்தில் இருந்தே இது இருக்கிறது. டெலீட் செய்ததும், 'இந்த இடம் இனி தேவையில்லை' என்று கம்ப்யூட்டரே எஸ்எஸ்டியிடம் சொல்லிவிடும். அதுவும் சீக்கிரமே இடத்தைச் சுத்தமாகத் துடைத்துவிடும். வீடு காலியான கையோடு உரிமையாளர் கழுவி வெள்ளையடித்துவிடுவது போல. அதன் பிறகு எந்த மென்பொருளும் ஒன்றும் செய்ய முடியாது.

ஃபார்மேட்டிலும் வித்தியாசம் இருக்கிறது. 'குயிக் ஃபார்மேட்' என்றால் மீட்க வாய்ப்பு உண்டு. அந்த டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் செய்தால், விண்டோஸ் விஸ்டா முதல் வந்த பதிப்புகள் டிரைவ் முழுக்கப் பூஜ்ஜியத்தை எழுதிவிடும்.

போனின் உள் சேமிப்பகமும் கிட்டத்தட்ட எஸ்எஸ்டி கதைதான். அதோடு தகவல்கள் பூட்டப்பட்டும் இருக்கும். 'டெலீட் ஆன எல்லாப் படத்தையும் மீட்போம்' என்று சொல்லும் ஆப்கள் பெரும்பாலும் ட்ராஷிலோ கேஷிலோ மிச்சம் இருக்கும் சிறிய படங்களைத்தான் எடுத்துக் காட்டும்.

ஹார்ட் டிஸ்கில் 'டிக்... டிக்...' என்று சத்தம் வந்தால் அது மென்பொருள் பிரச்னையே இல்லை. உடனே ஆஃப் செய்துவிட்டு, டேட்டா ரெகவரி செய்யும் நிபுணரிடம் கொடுங்கள். திரும்பத் திரும்ப ஓடவிட்டால் இருப்பதும் போய்விடும்.

இலவசம்னு சொல்லி ஏமாத்துறாங்களா?

அவசரத்தில் தேடும்போது, கூகுளில் மேலே வருவது விளம்பரமாக இருக்கலாம். மென்பொருளை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டுமே இறக்குங்கள். 'கிராக்' போட்ட கட்டண மென்பொருள் பக்கமே போக வேண்டாம். 'ஸ்கேன் இலவசம்' என்று எல்லாப் படத்தையும் காட்டிவிட்டு, சேமிக்கும்போது பணம் கேட்பவையும் உண்டு.

சொந்தத் தளம் என்றாலும் ஒரு கண் வைக்க வேண்டும். ரெகுவாவை உருவாக்கிய பிரிஃபார்ம் நிறுவனத்தின் இன்னொரு மென்பொருள் சிசிளீனர். 2017 ஆகஸ்டில் வந்த அதன் ஒரு பதிப்பில் ஹேக்கர்கள் கள்ள நிரலைச் சேர்த்துவிட்டார்கள். அதிகாரப்பூர்வமாக இறக்கியவர்களுக்கும் அதுவே போய்ச் சேர்ந்தது. சுமார் 22.7 லட்சம் பேர் அந்தப் பதிப்பைப் பயன்படுத்தியதாக அடுத்த மாதம் தெரியவந்தது.

இறக்கிய ஃபைலை 'வைரஸ்டோட்டல்' தளத்தில் ஏற்றினால், பல ஆன்ட்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்லும். இதுவும் இலவசம். ஆனால் ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட் போன்ற சொந்த ஃபைல்களை அங்கே ஏற்றாதீர்கள். அங்கே ஏற்றப்படுபவை பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும்.

பழைய லேப்டாப்பை விற்கப் போறீங்களா?

உங்கள் படத்தை உங்களால் மீட்க முடியும் என்றால், உங்கள் ஹார்ட் டிஸ்க்கை வாங்குபவராலும் மீட்க முடியும். ஆதார் ஸ்கேன், பான் கார்டு, குடும்பப் படங்கள் என எல்லாவற்றையும் டெலீட் செய்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுகிறோம். அதே ரெகுவா, அதே ஃபோட்டோரெக் அந்தப் பக்கமும் இலவசம்தான்.

* லேப்டாப்பை விற்கும் முன் 'ரீசெட் திஸ் பிசி'யில் 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுங்கள். அதற்குள் 'சேஞ்ச் செட்டிங்ஸ்' போய் 'க்ளீன் டேட்டா'வையும் ஆன் செய்யுங்கள். நேரம் அதிகம் பிடிக்கும், பரவாயில்லை.
* பென் டிரைவை யாருக்காவது கொடுப்பதற்கு முன், 'குயிக் ஃபார்மேட்' டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் செய்யுங்கள்.
* குறிப்பிட்ட ஃபைலை மட்டும் மீட்க முடியாதபடி அழிக்க, 'இரேசர்' என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இருக்கிறது. எஸ்எஸ்டியை விட, பழைய வகை ஹார்ட் டிஸ்கில்தான் இது நம்பகமாக வேலை செய்யும்.

ஒரு பிரதி எப்போதும் வேறு இடத்தில்!

1998-ல் 'டாய் ஸ்டோரி 2' படம் தயாராகிக்கொண்டிருந்தபோது, பிக்ஸார் ஸ்டுடியோவில் ஒரு தவறான கட்டளையால் படத்தின் ஃபைல்கள் அழிய ஆரம்பித்தன. பேக்கப்பைத் திறந்தால் அதுவும் சரியாக வேலை செய்யவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டில் இருந்து வேலை பார்த்துவந்த கேலின் சஸ்மனின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைப் பத்திரமாக காரில் வைத்து ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்தார்கள். படம் தப்பித்தது.

பேக்கப் விஷயத்தில் '3-2-1' என்று ஒரு கணக்கு சொல்வார்கள். மொத்தம் 3 பிரதிகள், 2 வகைச் சேமிப்பில், அதில் 1 வேறு இடத்தில். லேப்டாப்பில் ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் ஒன்று, கிளவுடிலோ சொந்தக்காரர் வீட்டிலோ ஒன்று. ஹார்ட் டிஸ்குக்கு காப்பி எடுக்க 'ஃப்ரீஃபைல்சிங்க்' என்ற இலவச மென்பொருள் உதவும். புதிதாகச் சேர்ந்ததை மட்டும் கண்டுபிடித்து காப்பி செய்யும். எடுத்த பேக்கப் திறக்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பதும் முக்கியம். பிக்ஸாரில் சறுக்கியதே அங்கேதான்.

இப்போதைக்கு இரண்டு விஷயம் நினைவில் இருந்தால் போதும். டெலீட் ஆகிவிட்டால் அந்த டிரைவைத் தொடாதீர்கள். டெலீட் செய்துவிட்டோம் என்று நம்பி அந்த டிரைவை விற்றுவிடாதீர்கள்.