பழைய விண்டோஸின் வாசலில் நேரும் பழுது

அய்யலூரிலோ வேடசந்தூரிலோ ஒரு சிறிய அலுவலகத்தின் விண்டோஸ் எக்ஸ்பி கணினி, கடவுச்சொல் கேட்கும் திரைக்கே வராமல் நின்றுவிடுமானால், அதை ‘பார்மட்’ செய்துவிடலாம் என்ற யோசனையே பெரும்பாலும் முதலில் எழுகிறது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த கணக்குகளை அழித்துவிடக்கூடிய அம்முடிவு, பழுது எங்கே இருக்கிறது என்று பாராமலேயே எடுக்கப்படுவது வருந்தத்தக்கது.

விண்டோஸ் என்.டி., 2000, எக்ஸ்பி ஆகியவற்றில் பயனரை உள்ளே விடும் பணியை ‘வின்லாகான்’ என்ற நிரல் நடத்துகிறது. அது கடவுச்சொல்லைத் தானே கேட்பதில்லை; ‘ஜினா’ எனப்படும் துணைக்கூறை ஏற்றி அதன் வழியாகப் பெறுகிறது. மைக்ரோசாப்ட் தந்த கூறு ‘எம்எஸ்ஜினா’. நோவெல் வலையமைப்பு மென்பொருளோ சில கைரேகைக் கருவிகளோ நிறுவப்படும்போது அவற்றின் ஜினா அவ்விடத்தில் அமர்கிறது. எதை ஏற்றுவது என்பதை, கணினியின் அமைப்புகள் பதிந்திருக்கும் ‘ரெஜிஸ்ட்ரி’யில் உள்ள ‘ஜினாடிஎல்எல்’ என்னும் ஒற்றைப் பதிவு தீர்மானிக்கிறது.

இத்தகைய இரண்டு மென்பொருள்கள் அடுத்தடுத்து நிறுவப்பட்டால், பின்னது முன்னதை அழைக்கும் சங்கிலி உருவாகக்கூடும். முன்னதை மட்டும் நீக்கினால், பின்னது இல்லாத கோப்பைத் தேடித் தடுமாறும். ஆகவே கடைசியாக எது நிறுவப்பட்டது, எது நீக்கப்பட்டது என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும். நிறுவியதற்குத் தலைகீழ் வரிசையில் நீக்குவதே பாதுகாப்பு.

கோப்பு ஏறவில்லையெனில் அதன் பெயரைக் குறிப்பிட்டே பிழைச்செய்தி தோன்றும். எக்ஸ்பி குறுந்தட்டில் உள்ள மீட்புத் திரை வழியாக, எம்எஸ்ஜினா கோப்பின் நகலை அதே பெயரில் வைத்தால் உள்ளே நுழைந்து பதிவைத் திருத்திவிடலாம். கோப்பு ஏறிய பின் முறிந்தால் வின்லாகானும் விழ, விண்டோஸ் ‘சி000021ஏ’ என்ற குறியீட்டுடன் நீலத்திரையில் நின்றுவிடும். இக்குறியீட்டுக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால் அதை மட்டும் நம்பி முடிவுக்கு வரலாகாது.

எக்ஸ்பிக்கு அடுத்த விண்டோஸ் விஸ்டா முதல் ஜினா கைவிடப்பட்டு, வின்லாகானுக்கு வெளியே தனி நிரலில் இயங்கும் ‘கிரெடென்ஷியல் புரொவைடர்’ வந்தது. அதில் நேரும் முறிவு முழுக் கணினியையும் வீழ்த்துவதில்லை. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தபோது, தமிழக அரசு தன் துறைகளை ‘பாஸ்’ லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறப் பரிந்துரைத்தது. எக்ஸ்பியில் இயங்கிய ஏ.டி.எம். இயந்திரங்களை 2019 ஜூனுக்குள் ஆதரவுள்ள இயங்குதளத்துக்கு மாற்றும்படி ரிசர்வ் வங்கி 2018இல் வங்கிகளைப் பணித்தது. புதிய விண்டோஸுக்கு மாறும் அலுவலகங்கள், தங்கள் கைரேகைக் கருவிக்குப் புதிய முறையிலான நுழைவுக்கூறு உண்டா என்று விற்பனையாளரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்வது அவசியம். பழைய ஜினா அங்கே இயங்காது.