அடைத்து வளர்க்கும் கோழிகளின் கொத்துச் சண்டை

விதைப்புக் காலம் வந்ததும் கமக்காரர் வீட்டுக் கோழிகளுக்குச் சிறைக்காலமும் வந்துவிடுகின்றது. விதைத்த நெல்லைப் பொறுக்கவும் கத்தரி, மிளகாய் நாற்றுமேடைகளைக் கிளறவும் அவற்றை விட இயலாது. ஆதலால், வளவு முழுவதும் திரிந்த கோழிகள் சிறு கூடொன்றில் அடைக்கப்படுகின்றன. சில நாட்களில் ஒன்றன் முதுகு இறகிழந்து சிவக்கின்றது. மற்றொன்று மூலையிற் பதுங்கித் தீனுக்கு வர அஞ்சுகின்றது. ஒருநாட் காலையில் நன்கு முட்டையிட்டுவந்த பேடொன்று பின்புறம் குடையப்பட்டு இறந்து கிடக்கின்றது. கீரியோ மரநாயோ வந்ததெனப் பலர் எண்ணுவர். கம்பிவலையிற் பழுதொன்றும் இல்லையாயின், அதனைக் கொன்றவை உடனிருந்த கோழிகளே எனக் கொள்ளலாம்.

கொத்துதல் யாவும் ஒருதன்மையனவல்ல. தலையிலும் கொண்டையிலும் கொத்துவது தரம் நாட்டும் சண்டையாகும். கோழிக் கூட்டத்தில் ஒரு பேடு எல்லாவற்றையும் கொத்தும். அடுத்தது அதனையொழிந்த மற்றவற்றைக் கொத்தும். கடைநிலையிலுள்ளது எல்லாவற்றிடமும் கொத்து வாங்கும். நோர்வே நாட்டு விலங்கியலாரான ஷெல்டெரூப் எப்பே என்பார் இவ்வொழுங்கை 1922 ஆம் ஆண்டு வெளியான தம் ஆராய்ச்சியில் விளக்கினார். தரம் நிலைபெற்றபின் ஒரு பார்வையே போதும், தாழ்ந்தது விலகிவிடும். விலகுதற்கு இடமிருந்தால் இச்சண்டையால் பெருங்கேடு இல்லை. முதுகிலும் வாலடியிலும் இறகு பிடுங்குதல் வேறு. அது கோபத்தாற் செய்வதன்று. நாள் முழுதும் நிலத்தைக் கிளறிப் பொறுக்கும் இயல்புள்ள பறவைக்குக் கிளற ஒன்றும் இல்லாதபோது, அயற் கோழியின் இறகே அதற்குப் புல்லும் புழுவும் ஆகின்றது. குருதி தோன்றிவிட்டாலோ மற்றவையும் அச்செந்நிறத்தை நாடி வந்து கொத்தும்.

எனவே முதல் மருந்து கூளமேயாகும். உலர்ந்த உமியையோ மரத்தூளையோ 4 அங்குலத்துக்குக் குறையாமற் பரப்பி, மாலையிற் கைப்பிடி நெல்லை அதன்மேல் தூவிவிடின் கோழிகள் அதனைக் கிளறிப் பொழுதுபோக்கும். முருங்கை, அகத்தி, கீரைத்தண்டு ஆகியவற்றைக் கட்டி, கோழி எட்டிக் கொத்தும் உயரத்திற் றொங்கவிடுதலும் நன்று. பேடொன்றுக்கு 2½ முதல் 3 சதுர அடி நிலமும், தீன்தொட்டியில் 4 அங்குல நீளமும் வேண்டும். தொட்டி ஒன்றேயாயின் வலிய பேடு அதனருகே காவல் நிற்கும். ஆகவே தீனும் நீரும் எதிரெதிர் மூலைகளில் இரண்டிடத்தில் வைக்கப்படல் வேண்டும்.

அரிசித்தவிட்டையும் தேங்காய்ப் பிண்ணாக்கையும் மட்டும் உண்ணும் கோழிகளுக்குத் தக்க புரதம் கிடையாது. இறகு தின்னும் பழக்கம் அவற்றிடம் எளிதில் தோன்றும். மீன்தூள் சேர்த்தல் வேண்டும். அன்றேல் முட்டைக்கோழித் தீன் வாங்கி இடல் வேண்டும். உப்புக் குறைவும் ஒரு காரணமே. எனினும் கருவாட்டுத்தூள் இடுபவர் அதிலுள்ள உப்பையுங் கணக்கிற் கொள்க. உப்பு மிகினும் கோழி இறக்கும்.

முட்டையிட்டவுடன் பேட்டின் எச்சவாயின் செந்நிற உட்புறம் சிறிது நேரம் வெளித்தெரியும். வெளிச்சத்தில் அதனைக் காணும் மற்றவை கொத்தத் தொடங்கினால் குடல் வெளிவரும்வரை விடா. முட்டைப்பெட்டிகளை இருண்ட மூலையில் வைத்து, வாயிலிற் சாக்குத் துண்டைத் தொங்கவிடுக. ஐந்து பேட்டுக்கு ஒரு பெட்டி போதும்.

பெரும்பாலான சண்டைகள் புதுக்கோழி வந்த அன்றே தொடங்குகின்றன. சந்தையில் மலிவாகக் கிடைத்த இளம் பேடொன்றை வாங்கிவந்து, காலைத் தீனுக்குக் கூடியிருக்கும் கூட்டத்தின் நடுவே விடும் வழக்கம் பலரிடமுண்டு. இது அப்பேட்டைக் கொல்லும் வழி. கோழிகள் ஒன்றையொன்று முகத்தாலும் கொண்டையாலும் அறிபவை. அறியாத முகம் எல்லாவற்றுக்கும் பகையாகும். புதியவை முதலில் இரண்டு மூன்று கிழமை வேறிடத்தில் வைக்கப்படல் வேண்டும். இராணிக்கேத்து முதலிய நோயுண்டாயின் அக்காலத்தில் வெளிப்படும். பின்னர் அதே கூட்டினுள் கம்பிவலைத் தடுப்புக்கு அப்பால் ஒருகிழமை வைத்து, இருசாராரும் பார்த்துப் பழகவிடுக. அதன்மேல் ஓர் இரவில், கோழிகள் அடைந்தபின், புதியவற்றைத் தூக்கிச் சட்டத்தில் அமர்த்துக. தனியொன்றை விடாது, பருமனொத்த இரண்டு மூன்றைச் சேர்த்து விடுதலே நன்று. கொத்து அவற்றிடையே பகிரப்படும். சாய்த்து வைத்த பலகையோ சாக்குத் திரையோ ஒளிந்துகொள்ள உதவும். அடுத்த சில நாட்கள் பூசல் இருக்கவே செய்யும். குருதி காணப்பட்டால், அல்லது தோற்றது தீனையும் நீரையும் அணுக முடியாதிருந்தால் மட்டும் தலையிடுக. ஒவ்வொரு முறையும் பிரித்துவிடின் தரம் நிலைபெறாது, சண்டையும் நீளும்.

புண்பட்ட கோழியை அக்கணமே அகற்றுக. புண்ணைக் கழுவி மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவுதல் கிராமத்தார் வழக்கம். அந்நெடி ஈயையும் விலக்கும். அதனோடு நில்லாது, அரைமணி நேரம் மறைந்திருந்து கூட்டைக் கவனித்தல் வேண்டும். பலவேளை குற்றஞ்செய்வது ஒன்றிரண்டு கோழிகளே. மற்றவை அவற்றைப் பார்த்துப் பழகும். இறகு குன்றாது மினுக்கமாயிருக்கும் பேட்டின்மீது முதலிற் கண்வைக்கலாம். அதனைப் பிரித்தாற் கூட்டம் அமைதியடைவதுண்டு.

சொண்டைச் சூட்டுக்கத்தியால் வெட்டும் முறை முன்னாளிற் பெரிதும் பரிந்துரைக்கப்பட்டது. சொண்டு நகம்போன்ற உணர்வற்ற உறுப்பன்று. அதனுள் நரம்புகளுண்டு, வெட்டியபின் நோவு நெடுநாள் நிற்கக்கூடும். நோர்வே, சுவீடன் ஆகிய நாடுகளிற் சட்டமே அதனைத் தடுக்கின்றது. பத்திருபது கோழி வைத்திருக்கும் கமக்காரருக்கு அது வேண்டப்படுவதன்று.

ஆறிய கோழியைத் திருப்பி விடும்போதும் அவதானம் வேண்டும். பல வாரம் பிரிந்திருந்த கோழியை மற்றவை புதியதாகவே கருதும். ஆதலால் இயலுமாயின் அதே கூட்டினுள் வலைத் தடுப்புக்குள் வைத்தே ஆற்றுக. இறகு முளைத்துச் செந்தோல் மறைந்தபின், இரவிலேயே சட்டத்தில் ஏற்றிவிடுக.